கூலி அறுபது ரூபாய் ஏறியது, தட்டில் என்ன ஏறியது?

2023 ஏப்ரலில் எங்கள் உப்பளத்தில் பெண்களுக்கு நாள் கூலி 350 ரூபாயிலிருந்து 410 ஆனது. ஆண்களுக்கு எவ்வளவு என்று இப்போது கேட்காதீர்கள், வயிற்றெரிச்சல், அப்புறம் சொல்கிறேன். அந்த அறுபது ரூபாய் எங்கே போனது என்று என்னால் தேதி வாரியாகச் சொல்ல முடியும். மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதி எழுதி, வீட்டுச் செலவையும் ஒரு நீள நோட்டில் குறித்து வைக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கூலி ஏறினால் ஏழைகள் நன்றாகச் சாப்பிடுவார்கள், உடம்பு தேறும் என்று படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பொய் இல்லை. ஆனால் கூலிக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு நீளமான பாதை இருக்கிறது, அதில் ஏகப்பட்ட பேர் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் திருப்பாலைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் அளம், மிச்சமெல்லாம் சீமைக்கருவேல். வீட்டுக்காரர் நாட்டுப்படகில் பங்குக்குப் போகிறவர். அத்தை, இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர், ஆக ஐந்து வயிறு. நான் அளத்துக்குப் போக ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. விடியக்காலை மூன்று மணிக்கு எழுந்து, நாலு மணிக்கெல்லாம் பாத்தியில் இறங்கி, வெயில் உறைப்பதற்குள் உப்பை வாரி, தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, பத்து பதினொன்றுக்கு வீடு திரும்ப வேண்டும். மாசியில் தொடங்கினால் புரட்டாசி வரை ஓடும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அளம் மூடிக்கிடக்கும், கையில் பத்துப் பைசா வராது.

கூலி எப்படி ஏறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் தெரிய வேண்டிய விஷயம்தான். வருஷா வருஷம் ஏப்ரலில் இரண்டு சேதி வரும். ஒன்று, நூறு நாள் வேலையின் கூலி ஏறும். நம் மாநிலத்துக்கு 2022இல் 281 ரூபாய், 2023இல் 294, 2024இல் 319, 2025இல் 336. இன்னொன்று, குறைந்தபட்சக் கூலியோடு சேரும் பஞ்சப்படி விலைவாசிப் புள்ளியை வைத்து ஏப்ரல் 1 முதல் மாறும். தாளில் இருப்பது அப்படியே கைக்கு வந்துவிடாது. நூறு நாள் வேலையிலேயே வெட்டின மண்ணை அளந்து பார்த்துக் குறைத்துத்தான் போடுகிறார்கள். ஆனால் பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கும். "கண்மாய்க்கரையில் மண்ணள்ளவே இவ்வளவு என்றால், உப்புத்தண்ணியில் கால் வெந்து நிற்கிறவளுக்கு எவ்வளவு அண்ணே?" என்று கங்காணியிடம் பதினெட்டுப் பேரும் ஒரே நாளில் கேட்டோம். மறுநாள் ஏழு பேர் வரவில்லை, உண்மையிலேயே நூறு நாள் வேலைக்குப் போய்விட்டார்கள். அதற்கடுத்த வாரம் 410. தனியாகக் கேட்டிருந்தால் "பார்க்கலாம்மா" என்பதோடு முடிந்திருக்கும்.

சரி, அறுபது ரூபாய். மாதம் 24 நாள் வேலை என்று வைத்தால் 1,440 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கூலி ஏற்றின அன்றே அதுவரை கொடுத்துவந்த பத்து ரூபாய் டீக்காசை நிறுத்திவிட்டார்கள், அப்போது 1,200. அதுவும் எட்டு மாதத்துக்குத்தான். பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 800. ஐந்து பேர் உள்ள வீட்டில் அது ஆளுக்கு நாளைக்கு ஐந்து ரூபாய் சொச்சம், அன்றைக்கு ஒரு முட்டை விலை. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. ஐந்து பேருக்கும் தினம் ஒரு முட்டை என்பது எங்கள் வீட்டில் அதுவரை யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத விஷயம்.

முட்டை வரவில்லை. முதல் மூன்று மாதம் நோட்டில் சாப்பாட்டுச் செலவு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. என் நோட்டில் ரொக்கத்துக்கு வாங்கினால் 'ரொ', கடனுக்கு வாங்கினால் 'க' என்று போடுவேன். சித்திரை, வைகாசிப் பக்கங்களைப் புரட்டினால் 'க' 'க' 'க' என்று காக்காய் கத்துவது போல இருக்கும். மழைக்காலத்தில் ஏறிய கடைக்கடன், வாரா வாரம் தவணை கட்டுகிற வட்டிக்கடன், மூத்தவளின் பள்ளிக்கூடச் செலவுக்குப் புரட்டியது, எல்லாம் சேர்ந்து அந்த 1,200ஐ வாசலிலேயே வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வேறு. தடை விசைப்படகுகளுக்குத்தான், ஆனால் வியாபாரி வருவது குறைந்து எல்லாமே சுணங்கிவிடும், வீட்டுக்காரர் வருமானமும் ஆட்டம் காணும், வீடு என் கூலியில்தான் நிற்கும்.

கடைக்கடன் என்பது கடன் மட்டும் இல்லை என்பது அது தீர்ந்தபிறகுதான் எனக்குப் புரிந்தது. கடன் இருக்கும்வரை அந்த ஒரே கடையில்தான் வாங்க வேண்டும், அவர் போடுகிற விலைதான், அவர் வைத்திருக்கிற சாமான்தான். அங்கே அரிசி, மிளகாய்ப்பொடி, எண்ணெய், உருளைக்கிழங்கு, பாக்கெட்டுச் சாமான் இருக்கும். கீரையும் மீனும் இருக்காது. கீரைக்காரியும் மீன்காரியும் கடன் தர மாட்டார்கள், அவர்களே அன்றாடங்காய்ச்சிகள். ஆக, கையில் ரொக்கம் இல்லாதவள் வீட்டில் உடம்புக்கு நல்லது எதுவும் வேகாது. காசு எவ்வளவு என்பதைவிட அது ரொக்கமாகக் கையில் இருக்கிறதா என்பதுதான் எங்கள் தட்டை மாற்றியது. ஆடி மாதம் கடைக்காரருக்கு மிச்சம் 640 ரூபாயைக் கொடுத்து முடித்த அன்று மீன்காரி கூடையிலிருந்து அரைக்கிலோ காரல் வாங்கினேன். நோட்டில் அதற்குப் பக்கத்தில் 'ரொ' என்று கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருக்கிறேன்.

அதற்காகக் காசு கைக்கு வந்த உடனே கீரையும் மீனுமாக வாங்கிக் குவித்தோம் என்று நினைக்க வேண்டாம். முதலில் வந்தது பரோட்டா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர் பார்சல் கட்டிக்கொண்டு வந்துவிடுவார், பிள்ளைகள் தினம் பத்து ரூபாய்ப் பாக்கெட்டு கேட்பார்கள், நானும் அளத்திலிருந்து திரும்பும்போது டீயும் வடையும் என்று பழகினேன். வருஷக்கணக்காக ஆசையை அடக்கி வைத்திருந்த வீட்டில் காசு வந்தால் ஆசைதான் முதலில் சாப்பிடும். அதில் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் ஒரு மாதத்தில் டீ, வடை, பாக்கெட்டு மூன்றும் சேர்ந்து 870 ரூபாய் என்று கூட்டிப் பார்த்தபோது பகீரென்றது. நிறுத்தவில்லை, பாதியாக்கினேன். வடையை விட்டேன், டீயை விடவில்லை.

டீயைப் பற்றிச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. 2022இல் ஊருக்கு வந்த மருத்துவ முகாமில் எனக்கு ரத்தம், அதாவது ஹீமோகுளோபின், 8.2 என்றார்கள். பெண்களுக்கு 12க்குக் குறையக்கூடாது. அளத்தில் சுமை தூக்கி வரப்பில் ஏறும்போது கண் இருட்டுவதை நான் வெயில் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், வெறும் வயிற்றில் போட்டேன், குமட்டியது, வெளிக்குக் கறுப்பாகப் போனது, பயந்து மாத்திரையை அலமாரியில் போட்டுவிட்டேன். கூலி ஏறியபிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நாள் வேலையை விட்டுப் போக முடிந்தது (முன்பு 350 ரூபாயை இழந்து போக மனசு வராது, இப்போது 410ஐ இழப்பது இன்னும் வலிக்க வேண்டும் அல்லவா, ஆனால் கடன் இல்லாததால் வலிக்கவில்லை, விசித்திரம்தான்). அங்கே நர்சம்மா உட்காரவைத்துக் கேட்டார், "மாத்திரை போட்டதும் டீ குடிக்கிறாயா?" ஆமாம் என்றேன். பத்து மணிக்குப் பழைய சோறு, அதன் மேலேயே மாத்திரை, அதன் மேலேயே டீ. டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடு, வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் சாப்பிட்டபின் போடு, எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ கூடச் சேர்த்துக்கொள், கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்படாதே என்றார். கால்சியம் மாத்திரையும் இதுவும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றும், குடற்புழு மாத்திரை போட்டு எத்தனை நாளாயிற்று என்றும் கேட்டார். காசில்லாத வைத்தியம் இது. எனக்குத் தெரிந்த அளத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் இந்த டீ விஷயம் தெரியாது.

ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கு, பேரீச்சம்பழம் வாங்கு, மாதுளை வாங்கு. மாதுளைக்கு ஆசைப்பட்டால் அறுபது ரூபாய் ஒரு பழத்தில் போய்விடும். நான் செய்தது இவ்வளவுதான்: வாரம் மூன்று நாள் மீன், சூடையோ காரலோ பேச்சாளையோ, எது மலிவோ அது. வாரம் இரண்டு நாள் வீட்டு முருங்கையில் கீரை. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பை மாதா மாதம் விடாமல் வாங்குவது. முன்பு அந்த 30 ரூபாயும் பாமாயிலுக்கு 25 ரூபாயும் கையில் இல்லாமல் அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிய மாதங்கள் உண்டு. அரிசி இலவசம், அதனால் வயிறு நிறையச் சோறு எப்போதும் இருந்தது, சோற்றோடு சேர எதுவும் இல்லை என்பதுதான் எங்கள் நோய். மத்தியானம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முட்டை உண்டு, சின்னவனுக்குக் காலைச் சாப்பாடும் அங்கேயே. அதனால் வீட்டில் வாங்கும் முட்டையை நானும் அத்தையும் சாப்பிடுவது என்று முடிவெடுத்தேன். இதைச் சொல்லும்போதே சிலர் முகம் சுளிப்பார்கள். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு எதுவும் மிஞ்சாது, கூலி ஏறினாலும் மிஞ்சாது, அவளாக எடுத்து வைத்துக்கொண்டால்தான் உண்டு. 2024 தை மாதம் பார்த்தபோது ரத்தம் 10.6. மாத்திரையா, மீனா, ரொக்கமா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. வரப்பில் ஏறும்போது கண் இருட்டவில்லை, அது தெரியும்.

அத்தை கதை வேறு மாதிரி. அவருக்கு ரத்தக்கொதிப்பு. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து அளந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள், ஆனாலும் இறங்கவில்லை. காரணம் கருவாடு. கடலை ஒட்டி இருக்கிறோம், தினம் மீன் சாப்பிடுவோம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். நண்டும் இறாலும் கணவாயும் கரைக்கு வந்த உடனே கம்பெனி வண்டியில் ஏறிவிடும். எங்களுக்கு மிஞ்சுவது பொடிமீன், அதுவும் இல்லாத நாளில் கருவாடு. நான் வாரின உப்பிலேயே ஊறிய கருவாடு. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது, ஒரு தேக்கரண்டிதான். எங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பில் ஒரு கரண்டியிலேயே அது முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். கருவாட்டைச் சுடுதண்ணியில் இரண்டு முறை ஊறவைத்துக் கழுவி, குழம்புக்குத் தனியாக உப்புப் போடாமல் வைத்துப் பார்த்தேன். "ஏத்தா, உப்பளத்துக்காரி வீட்டில் உப்புக்கா பஞ்சம்?" என்று தட்டைத் தள்ளிவிட்டார். பச்சைமீன் வாங்கும் நாட்கள் கூடினபிறகு கருவாடு தானாகக் குறைந்தது, அதில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஊறுகாய் டப்பாவைத் தலைமாட்டில் ஒளித்து வைத்திருப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இனி தண்ணீர். காவிரிக் கூட்டுக்குடிநீர் எங்கள் தெருவுக்கு வரும் நாள் வரும், வராத நாள் வராது. வராத நாளில் குடம் பத்து ரூபாய்க்கு வண்டித் தண்ணீர். கோடையில் எங்கள் வீட்டில் பருப்புக்குச் செலவழிப்பதைவிடத் தண்ணீருக்குச் செலவழிப்பது அதிகம், நோட்டிலேயே இருக்கிறது. கடைக்கடன் தீர்ந்தபிறகு நான் தாராளமாகச் செலவழித்தது இதில்தான், நாளைக்கு ஒரு குடம் கூட. ஆனால் அந்தத் தண்ணீரை அளத்தில் குடிக்க மாட்டோம். ஏன் என்றால் அங்கே ஒதுங்க இடம் இல்லை. சுற்றிலும் வெட்டவெளி, ஒரு புதர் கிடையாது. மூன்று மணிக்கு வீட்டில் ஒரு சொம்பு குடித்தால் அப்புறம் பதினோரு மணிக்குத்தான். வியர்வையாகவே எல்லாம் போய்விடும், நீர்க்கடுப்பு எங்களில் யாருக்கு இல்லை என்று கேட்பதே சுலபம். எனக்கு வருஷத்தில் மூன்று தடவை வரும். கூலி ஏறியபிறகும் மூன்று தடவை வந்தது. அறுபது ரூபாயால் ஒரு மறைப்புக் கட்ட முடியாது, அது முதலாளி கட்ட வேண்டியது.

இப்போது அந்த வயிற்றெரிச்சல். ஆண்களுக்கு 520. வரப்புக் கட்டுவதும் பாத்தி மிதிப்பதும் ஆம்பளை வேலை என்று தனிப் பெயர் வைத்துவிட்டால், சம வேலைக்குச் சமக் கூலி என்று 1976இலேயே வந்த சட்டத்தை யாரும் மீறவில்லை என்று ஆகிவிடுகிறது, பாருங்கள். இதைக்கூட எதிர்பார்த்ததுதான். நான் எதிர்பார்க்காதது வேறொன்று. கூலி ஏறி இரண்டு மாதம் கழித்து எனக்கும் என் ஜோடிக்கும் நாளைக்குப் பன்னிரண்டு பாத்தியாக இருந்தது பதினான்கு ஆனது. கங்காணி சிரித்துக்கொண்டே சொன்னதால் நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் ராத்திரி நோட்டும் கையுமாக உட்கார்ந்து பார்த்தேன். 350க்கு 60 ஏறினால் நூற்றுக்குப் பதினேழு. பன்னிரண்டுக்கு இரண்டு ஏறினாலும் நூற்றுக்குப் பதினேழு. கூலி ஏறவே இல்லை! கூடுதலாகச் செய்த வேலைக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள், அதிலும் டீக்காசைப் பிடித்துக்கொண்டு. அதிகம் தின்றேன், அதைவிட அதிகம் உழைத்தேன். இடுப்புவலித் தைலத்துக்கு நோட்டில் தனி வரி விழ ஆரம்பித்ததும் அந்த ஆனியில்தான்.

அதனால் கூலி உயர்வு பேசப் போகிறவர்களுக்கு, அளமோ நண்டுக் கம்பெனியோ கரிமூட்டமோ எதுவானாலும், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எவ்வளவு ரூபாய் என்று கேட்பதற்கு முன் எத்தனை பாத்தி, எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டீக்காசு, வண்டிக்காசு தொடருமா என்று அப்போதே கேளுங்கள். சம்பளத்தை வாரா வாரம் வாங்குங்கள், மாதக்கடைசியில் மொத்தமாக வாங்கினால் அதற்குள் கடைக்கடன் ஏறிவிடும். நலவாரியத்தில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், உப்பளத்தவர்களுக்கு மழைக்கால நிவாரணம் என்று 5,000 ரூபாய் அரசாங்கம் கொடுக்கிறது, எங்களில் ஆறு பேருக்குப் பதிவு இல்லாமல் ஒரு வருஷம் அது கிடைக்கவில்லை. தொழிலாளர் துறை அலுவலகம் ராமநாதபுரத்தில் இருக்கிறது, உங்கள் தொழிலுக்கு அன்றைய தேதியில் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று போய்க் கேட்டால் சொல்ல வேண்டியது அவர்கள் வேலை. நாங்கள் நாலு பேர் போனோம். அரை நாள் காத்திருக்க வைத்தார்கள், ஆனால் தாளைக் காட்டினார்கள்.

அந்தத் தாளின் நகலோடு 2024 ஏப்ரலில் கங்காணியிடம் பேசியபோது நாங்கள் காசைப் பற்றிப் பேசவே இல்லை. பன்னிரண்டு பாத்தி என்றோம். அவர் பதினான்கு என்றார். பதிமூன்றில் நின்றது. இந்த வருஷம் மறைப்புக் கேட்டோம், நாலு கம்பு, ஓலைத் தடுக்கு, ஒரு பிளாஸ்டிக் தொட்டி. "அடுத்த சீசனில் பார்ப்போம்" என்றார்கள். ஓலை நாங்களே கொண்டுவருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.

மழைக்காலத்துக்கு ஒரு ஏற்பாடு செய்தேன். சீசனில் வேலைக்குப் போகும் நாளெல்லாம் பத்து ரூபாய் குழுவில் தனிக்கணக்கில் போட்டு வைப்பது, அந்த நிறுத்தப்பட்ட டீக்காசு என்று நினைத்துக்கொள்வேன். எட்டு மாதத்தில் 1,920 ரூபாய். ஐப்பசியிலிருந்து அதை எடுத்து ரேஷன் பருப்பும் முட்டையும் மட்டும் வாங்குவது, வேறு எதற்கும் தொடக்கூடாது. வீட்டுக்காரர் வலை வாங்கக் கேட்டார், கொடுக்கவில்லை, இரண்டு நாள் பேசவில்லை. மார்கழிக்குள் அது தீர்ந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும், தையில் பனங்கிழங்கும் முருங்கையும்தான்.

போன வருஷம் நோட்டில் முதல் 'க' விழுந்தது ஐப்பசி 20. இந்த வருஷம் கார்த்திகை 9.